ஸஹர் நேரத்துப் பரீட்சை

அன்று காலை எழும்பியதும் நான் செய்த முதல் வேலை எங்கள் இணையத்தளத்தைத் திறந்து பார்த்தது. ஒரு வருடமாக அதுதான் பழக்கம். கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைப்பேன், குசினி மேசையில் லப்டொப்பைத் திறப்பேன், தளம் ஓடுகிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகுதான் தேயிலைப் பேணியைத் தேடுவேன். அன்று கடவுச்சொல்லைப் பிழையாக அடித்துவிட்டேன். திரையில் ஒரு வரி வந்தது: “கையத் துடைச்சிட்டு இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க டீச்சர்.”

அந்த வரி எனக்கு மட்டும் வருவது. மற்றவர்கள் பிழையாக அடித்தால் வேறு வரி வரும். நான் ஈரக் கையோடு தட்டச்சுச் செய்கிறவள் என்று கண்டுபிடித்து, என் கணக்குக்கென்று தனியாக ரிஸ்வானா எழுதி வைத்தது அது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றும் வந்தது.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரிஸ்வானாவின் நம்பர். ‘கிண்ணியா டீச்சர்’ என்று பெயர் விழுந்தது. எடுத்தவுடன், “துடைச்சிட்டன், துடைச்சிட்டன். அங்கயிருந்து பாத்துக்கொண்டே இருக்கிறீங்கள்?” என்றேன். பதிலுக்கு ரிஸ்வானாவின் மகள் ஸஹ்ராவின் குரல் வந்தது.

“டீச்சர், உம்மா மௌத்தாயிட்டா.”

அந்தச் சாவுச் செய்திக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஸஹ்ராதான் பிறகு சொன்னாள். “எந்த உம்மா?” என்று கேட்டேனாம்.

இணையத்தளம் கட்டும் டிப்ளோமா வகுப்பில் எங்களோடு படித்த உங்களுக்கும், எங்கள் தளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும், அவரோடு படிப்பித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுதத் தொடங்கியதிலிருந்து ‘சொல்கிறார்’, ‘செய்கிறார்’ என்றே விரல் போகிறது. அழித்து அழித்து ‘சொன்னார்’ என்று மாற்ற வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் மாற்றாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிஸ்வானா கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரு நாளும் நோய் என்று சொன்னதில்லை. முதல் நாள் பின்னேரம் போனில் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். பரீட்சைப் பக்கத்தில் ‘அடுத்த வினா’ என்ற பொத்தான் வலப்பக்கம் இருக்க வேண்டுமா, நடுவில் இருக்க வேண்டுமா என்பதுதான் சண்டை. நாளைக்குக் கதைப்போம் என்று அவர்தான் வைத்தார். இரவு நெஞ்சு எரிகிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறார். விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்கு எழுப்பப் போனபோது எழும்பவில்லை.

என் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். கிண்ணியாப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதும் நான் அந்தப் பொத்தானைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவிலேயே வைக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஆயத்தம் செய்துகொண்டு போனேன். சொல்லுவதற்கு அங்கே யாரும் இல்லை என்பது பாலம் கடக்கும் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் செத்தவீடுகளில் தூரத்துச் சொந்தம் வரும் என்று காத்திருப்பார்கள். ஒரு இரவு போகும். அழுது, களைத்து, தேத்தண்ணி குடித்து, திரும்பவும் முகத்தைப் பார்த்து நம்புவதற்கு ஒரு அவகாசம் கிடைக்கும். அங்கே அது இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் வைத்திருந்தார்கள். பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்தை ஒருமுறை பார்த்தேன். ஏதோ கணக்கு மனதுக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடுவாரே, அப்படித்தான் இருந்தது. ளுஹர் தொழுகையோடு ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் அவருடைய வரியைப் படித்துச் சிரித்தேன். மத்தியானத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அறை மூலையில் அவருடைய மேசை. அதன் மேல் யாரோ ஒரு துப்பட்டாவை விரித்து மூடியிருந்தார்கள். துணிக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் கேட்டது. லப்டொப்பின் விசிறி. ஸஹ்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மூட வேணாம் எண்டுட்டுத்தான் உம்மா படுக்கப் போனா. நோன்புக்குப் போடுற கேள்வி ஏறிட்டு இருக்காம்” என்றாள். துணியை விலக்கிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து என்னுடைய லப்டொப்பில் தளத்தைத் திறந்தேன். ரிஸ்வானாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

அவரை முதலில் கண்டது வகுப்பின் முதல் நாள். துறைமுகப் பக்கம் பார்த்த அந்த மாடி அறை உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் உயர்தரம் முடித்த கையோடு வந்தவர்கள். அபாயா போட்டு, கையில் குடையும் கண்ணாடிக் கூடும் வைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்ததும், விரிவுரையாளர் என்று நினைத்து நீங்கள் எல்லோரும் எழும்பி நின்றீர்கள். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை. “இருங்க பிள்ளையள். நானும் ஒண்டும் தெரியாமத்தான் வந்திரிக்கன்” என்றார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நான் வந்தபோதும் நீங்கள் எழும்பி நின்றீர்கள். எனக்கு அப்படி ஒன்று சொல்ல வாய் வரவில்லை. யாரையோ பார்க்க வந்தவள் மாதிரி பின்வரிசைக் கதிரையில் போய் இருந்துகொண்டேன். அவர் நேராக என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார்.

இறுதிச் செயற்றிட்டத்துக்கு இருவர் இருவராகச் சேரச் சொன்னார் நிரோஷன் சேர். நாங்கள் படிப்பித்த பிள்ளைகளின் வயதுதான் அவருக்கு. பழக்கதோஷத்தில் எங்களை ‘மிஸ்’ என்பார், நாங்கள் அவரை ‘சேர்’ என்போம். நீங்கள் எல்லோரும் ஒரு நிமிடத்தில் சோடி சேர்ந்துவிட்டீர்கள். நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். “வகுத்தா மிச்சம் வாறது நாங்கதான் டீச்சர்” என்றார் ரிஸ்வானா. எங்களுக்குக் கிடைத்தது ஏழாம் இலக்கம். தளத்துக்கு நல்ல பெயர் பிறகு வைக்கலாம் என்று ‘ஏழு’ என்றே கோப்புகளைச் சேமித்தோம். பிறகு என்பது வரவேயில்லை. இன்றைக்கும் பிள்ளைகள் “ஏழில கேள்வி போட்டாச்சோ?” என்றுதான் கேட்கிறார்கள்.

முகப்பு, உள்ளே ஓடும் வேலை, தரவுத்தளம் மூன்றையும் நாங்களே முழுதாகக் கட்ட வேண்டும், ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்து ஒட்டக்கூடாது என்பது நிபந்தனை. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படித்துப் பரீட்சை எழுதிப் பார்க்க ஒரு தளம் என்று தீர்மானித்தோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கண்ணுக்குத் தெரிகிற பக்கம் எனக்கு, தெரியாத பக்கம் அவருக்கு என்று பிரித்தோம். மூன்று கிழமையாக நான் நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், கடைக்குப் பெயின்ற் அடிச்சு முடிஞ்சுது. உள்ளுக்குச் சாமான் எப்ப வைக்கிற?” என்றார். அவருடைய பக்கத்தை முதன்முதல் திறந்து காட்டியபோது வெள்ளைத் திரையில் வினாக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. “சாமான் இருக்கு. உங்கட கடைக்கு வாசல் எங்க?” என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். வேலை நடந்தது இப்படித்தான்.

முதல் தடவை தளம் ஓடிய நாளை நான் மறக்க மாட்டேன். சந்தோசத்தில் உடனேயே பெற்றோர் வட்ஸ்அப் குழுவுக்கு முகவரியை அனுப்பிவிட்டோம். ஒருவருக்கும் திறக்கவில்லை. போனை நிறுத்திப் போடச் சொன்னேன் நான். சிக்னல் உள்ள இடமாகப் பார்த்துப் போகச் சொன்னார் அவர். பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தோம். தம்பலகாமத்தில் ஒரு தகப்பன் பாவம், குளக்கட்டில் ஏறி நின்று முயன்றிருக்கிறார். அடுத்த வகுப்பில் நிரோஷன் சேர் அந்த முகவரியைப் பார்த்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது எங்கள் லப்டொப்புக்குள் மட்டும் திறக்கிற முகவரி. உலகத்தில் வேறு எந்தக் கருவியிலும் அது திறக்காது. ரிஸ்வானா அந்தத் தகப்பனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்ல டீச்சர். கட்டில ஏறினதில அங்கால யானை நிக்கிறதாவது தெரிஞ்சுது” என்றாராம் அவர்.

அதற்குப் பிறகும் பிழைகள் வந்தன. திரை நிறையச் சிவப்பு எழுத்து வந்தால் நான் லப்டொப்பை மூடிவிட்டு எழும்பிப் போய்விடுவேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். “பிழை எண்டு காட்டினா நல்லம் டீச்சர். எங்க எண்டு தெரியும். ஒண்டும் காட்டாம நிண்டாத்தான் பயம்” என்பார். இந்தக் கிழமை முழுக்க எனக்கு இதுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவருடைய உடம்பு எங்களுக்கு ஒன்றுமே காட்டவில்லை. ஒரு எச்சரிக்கை, ஒரு சிவப்பு எழுத்து, ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் பிழையான விடையைத் தெரிவு செய்தால் பெரிய சிவப்புக் கோடு விழும்படி நான் செய்திருந்தேன். அதை அவர் எடுத்துவிட்டார். பதிலுக்கு வரிகள் எழுதி வைத்தார். “கிட்ட வந்திட்டீங்க.” “இது நானும் சின்னனில விட்ட பிழை.” “அலகைப் பாருங்க, அலகை.” சில பிள்ளைகள் அடுத்த வரி என்ன என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே பிழைவிட்டார்கள். கல்வித் தளத்தில் இப்படிப் பேச்சுத் தமிழ் வரலாமா என்று நான் வாதாடினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி டீச்சர், பாடமெல்லாம் உங்கட தமிழில இருக்கட்டும், பிழை விட்டதுக்குப் பிறகு பேசுறது மட்டும் என்ர தமிழில இருக்கட்டும் என்றார்.

பதிவுப் படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். நிரப்பாவிட்டால் உள்ளே போக ஏலாது. சம்பூரிலிருந்து ஒரு பிள்ளை அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டதாக அவருடைய பக்கத்தில் தெரிந்திருக்கிறது. மூன்று நாளாக வந்து அந்த இடத்தில் திரும்பிப் போயிருக்கிறது. நானும் சம்பூர்க்காரி. இரண்டாயிரத்து ஆறில் சண்டையால் ஊரைவிட்டு வெளிக்கிட்டு எத்தனை முகவரி எழுதியிருப்போம் என்று எனக்கே கணக்கில்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தை வைத்தது நான்தான். படிவம் என்றால் முகவரி இருக்கும் என்று கை தானாக வைத்திருக்கிறது. ரிஸ்வானா மூதூரில் பிறந்தவர். அதே நாட்களில் அவர்களும் நடந்து போனவர்கள். அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. “பரீட்சை எழுதுறத்துக்கு முகவரி என்னத்துக்கு? தேவையில்லாத கேள்வியப் பிள்ளைட்டக் கேக்கப்படாது டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டம் போய்விட்டது. பிள்ளை அன்று பின்னேரமே உள்ளே வந்தது.

எங்கள் தளத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு பெரிய பிழை. போன வருட நோன்பு காலம். முதல் பரீட்சை. மாலையில் திறந்து பிள்ளைகள் படுக்கப் போகும் நேரத்துக்கு மூட வேண்டும் என்று நேரம் குறித்தோம். அடுத்த நாள் பார்த்தால் எழுதியவர்கள் எல்லோரும் கிண்ணியாப் பிள்ளைகள். ஓரிரண்டு மூதூர். என் பாடசாலையிலோ, சல்லியிலோ, நிலாவெளியிலோ ஒரு பிள்ளையும் எழுதவில்லை. மாலையில் திறந்து பார்த்தோம், மூடிக் கிடந்தது என்றார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, “என்ன, உங்கட சிநேகிதி தன்ர ஊருக்கு மட்டும் திறந்துவிட்டவவோ?” என்றார். பகிடிபோலத்தான் சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பகிடி எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் ரிஸ்வானாவைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு, “அல்லாஹ்வே. சேர்வருக்கு நம்மட நேரம் தெரியா டீச்சர்” என்றார். எங்கள் தளம் இருந்த சேர்வர் வெளிநாட்டு நேரத்தில் ஓடியிருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். மாலையில் திறக்க வேண்டிய பரீட்சை எல்லோரும் படுத்த பிறகு திறந்து, விடியுமுன் மூடிக்கொண்டது. அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் நோன்பு பிடிக்க விடியமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் வந்து பார்த்தார்கள், திறந்திருந்தது, எழுதிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் அவர் பஸ் ஏறி எங்கள் பாடசாலைக்கே வந்தார். ஆசிரியர் அறையில் அந்த மனிதருக்கு முன்னால் லப்டொப்பை வைத்து, நேரம் எப்படி மாறியது என்று கரும்பலகையில் கணக்குப் போடுவதுபோலக் காட்டினார். நோன்பு என்பதால் தேத்தண்ணி வேண்டாம் என்றார். கடைசியில், “சேர், எங்கட பிள்ளையள் படிக்கிறத்துக்காக எழும்பல்ல. சோறு தின்ன எழும்பினது” என்றார். அன்றைக்கு அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர்தான் முதலில்.

நேரத்தைத் திருத்திவிட்டோம். அதன் பிறகுதான் கிண்ணியாவிலிருந்து பெண்பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள், அந்த ஸஹர் நேரத்தைத் திரும்பத் தாருங்கள் என்று. காரணம் எங்களுக்கு விளங்கவில்லை. ரிஸ்வானா ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். வீட்டில் உள்ளது வாப்பாவின் ஒரே போன். பகலில் அது அவரோடு போய்விடும். மாலையில் அண்ணன், தம்பி, சின்னவர்கள் என்று எல்லோருக்கும் வேண்டும். விடியமுன் மட்டும்தான் அதை யாரும் தேடமாட்டார்கள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. பிழையாகத் திறந்த கதவை அவர் தெரிந்தே திரும்பத் திறந்து வைத்தார். மாலையில் ஒரு தரம், ஸஹர் நேரத்தில் ஒரு தரம். நோன்பு முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் விடியமுன் தளம் திறந்திருந்தது. கிண்ணியா மட்டுமில்லை, சல்லி, தம்பலகாமம், சம்பூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பெட்டைகள் வரத் தொடங்கினார்கள். கடலுக்கும் வயலுக்கும் போகிற தகப்பன்மார் உள்ள வீடுகளிலும் போன் விடியமுன்தான் சும்மா கிடக்கிறது.

அந்த நேரத்தில் கேள்விப் பெட்டியில் யார் எதைக் கேட்டாலும் ரிஸ்வானா பதில் சொல்லுவார். பச்சைப் புள்ளி எரியும். “கறி அடுப்பில, நான் இங்க” என்று எனக்கு ஒருநாள் செய்தி போட்டிருந்தார். நான் காலையில் எழும்பிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். கேள்விகளும் பதில்களும் வரிசையாக இருக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பேன்.

பச்சைப் புள்ளியில் ஒரு குறை உண்டு. ‘வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் அது அணையாது. கருவியை மூடினாலும் அணையாது. நிரோஷன் சேர் இதைக் குறையென்று குறித்துத் தந்திருந்தார். பார்ப்போம், பார்ப்போம் என்று ரிஸ்வானா விட்டுவிட்டார். அவர் அந்தப் பொத்தானை ஒருநாளும் அழுத்தியதில்லை. திரும்பவும் கடவுச்சொல் அடிக்கப் பஞ்சி, அலுப்பு.

அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. காலையில் கேத்தலை வைத்துவிட்டுத் தளத்தைத் திறந்தேன். விடியமுன் தம்பலகாமத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறது. கிண்ணியாப் பிள்ளைகளுக்கு விசயம் தெரியும், யாரும் வரவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பச்சைப் புள்ளியைக் கண்டு கேள்விப் பெட்டியில் எழுதியிருக்கிறது. முதலில் ஒரு முக்கோணக் கணக்கு. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “டீச்சர் இருக்கிறீங்களா?” அதன் பிறகு, “சமைக்கிறீங்க போல. நான் இருக்கிறன்.” கடைசியாக, “அப்பா எழும்பிட்டார். நான் போயிட்டு வாறன் டீச்சர்.”

கேத்தல் கொதித்து அடுப்பில் வழிந்தது. நான் அந்த நான்கு வரிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் நடந்த வீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

அன்று பின்னேரம் நிரோஷன் சேர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. எங்கள் செயற்றிட்டத்தை நடுவர்களுக்கு விளக்கிக் காட்டும் நாள் நோன்பு முடிய வருகிறது. நீங்கள் தனியாக வரலாம், நிலையத்தில் கதைத்துவிட்டேன் என்றார். ரிஸ்வானாவின் பகுதியைப் பற்றிக் கேட்டால் தெரிந்த அளவுக்குச் சொன்னால் போதும். ஆனால் அதுவரைக்கும் தளத்தை மூடி வையுங்கள் மிஸ் என்றார். நோன்பு தொடங்கினால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஏதாவது உடைந்தால் திருத்த ரிஸ்வானா இல்லை. உடைந்த தளத்தைக் காட்டி டிப்ளோமா எடுக்க ஏலாது. “நீங்க ரெண்டு பேரும் பட்ட பாடு வீணாப் போகப்படாது மிஸ். நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்றன்” என்றார். எனக்குத் தெரியும், அவர் நன்மைக்குத்தான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. யோசிச்சுச் சொல்றன் சேர் என்றேன். இந்த வயதில் நான் ஆசைப்பட்டு எடுக்கப் போனது அந்த ஒரு தாள்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் போன பிறகு ரிஸ்வானா எழுதிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் நான் அதற்குள் போனதேயில்லை. பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனால் வரிகளுக்கிடையில் தனக்குத் தானே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். இது ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியா, தொடாதீங்க என்று ஓரிடத்தில். நேரம் குறிக்கிற இடத்தில், சேர்வருக்கு நம்மட நேரம் தெரியா, நாமதான் சொல்லிக் கொடுக்கணும் என்று இன்னோரிடத்தில். அதற்குக் கீழே இந்த வருட நோன்பின் முதல் ஸஹருக்கான பரீட்சை. கேள்விகள் எல்லாம் ஏறி முடிந்திருந்தன. மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனது இதற்காகத்தான். யாரும் கை வைக்காவிட்டால் அது தானாகத் திறக்கும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதிகமில்லை. கண்ணாடிக் கூடு ஒன்றை என் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், அதை ஸஹ்ராவிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது தேவையில்லாத கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது என்பது. பிழை விட்டவரோடு எந்தத் தமிழில் பேச வேண்டும் என்பது. கையைத் துடைக்கச் சொல்கிற ஒரு வரி. அதை நான் அழிக்கப் போவதில்லை. அதற்காகவே சில காலைகளில் கடவுச்சொல்லைப் பிழையாக அடிக்கவும் கூடும்.

பச்சைப் புள்ளியை மட்டும் அணைத்துவிட வேண்டும். அதை எங்கே அணைப்பதென்று தேடிக்கொண்டிருக்கிறேன். இல்லாதவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்க ஏலாது.

நோன்பு தொடங்க இன்னும் சில நாட்கள்தான். பிறை பார்த்துச் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் நோன்பு பிடிப்பதில்லை. ஸஹர் நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு விளக்கும் எரியாது. தளத்தை மூடிவிடுவேன் என்று நிரோஷன் சேர் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் கணவரிடமும் இன்னும் சொல்லவில்லை. முதல் நோன்பன்று ஸஹருக்கு நான் எழும்புவேன். கையைத் துடைத்துவிட்டு, என்னுடைய பெயரில் உள்ளே போய், தம்பலகாமத்துப் பிள்ளைக்கு முதலில் விசயத்தைச் சொல்லுவேன். பிறகு அந்த முக்கோணக் கணக்கைப் பார்ப்போம். எனக்குக் கணிதம் அவ்வளவு வராது. இரண்டு பேருமாகச் செய்து பார்ப்போம்.